கடைசியில் பேச வேண்டியவள்

அன்றைக்கு என் எண்ணெய்ச் சட்டி தீய்ந்தே போனது. ஊர்க்கூட்டம் நடக்கிற கோட்லா வாசலில் வருஷக்கணக்காக மக்வின்யா உருண்டை பொரித்து விற்கிறவள் நான். ஒரு மாவு உருண்டை கருகினாலும் ஊரே கேலி பேசும். அன்று சட்டி நிறைய மாவு கரிக்கட்டையாகிப் புகைந்துகொண்டிருக்க, நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கெபோன்யே ஊர்த்தலைவர் நாற்காலிக்கு நின்ற நாள் அது. இப்போது சொல்ல ஆரம்பித்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

கெபோன்யேயைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயில்தான் தொடங்க வேண்டும். எங்கள் ஷாமோகாவில் ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கரையில் கோட்லா, கடை, பள்ளிக்கூடம். அந்தக் கரையில் ஆஸ்பத்திரி, வயல்கள், எல்லோருடைய மாமியார் வீடுகளும். நடுவில் போக வர ஒரே ஒரு மொகோரோப் படகு. அதைக் கழி ஊன்றித் தள்ளுகிறவள் கெபோன்யே. முன்னே அவள் அப்பா தள்ளினார். அண்ணன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. அப்பாவுக்கு முதுகு விழுந்ததும், பதினாறு வயதுப் பெண் கழியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பொம்பளப் பிள்ளை ஓட்டற படகுல நாங்க ஏறுவமா?" என்று ஆம்பிளைகள் கரையில் நின்றார்கள். "அப்ப நீந்திப் போங்க. முதலைக்கு இன்னும் காலைச் சாப்பாடு ஆகல" என்றாள். அத்தனை பேரும் ஏறினார்கள்.

அக்கரையில் அவள் பேசினால் இக்கரையில் நான் பதில் சொல்லலாம், அப்படிக் குரல். ஒரு தடவை நீர்யானை ஒன்று படகை மறித்துக்கொண்டு கிடந்தது. இவள் அதைப் பார்த்து, அதன் அம்மா அப்பாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். அது காதை ஆட்டிவிட்டு நகர்ந்து போனது. நான் படகில் இருந்தேன், பொய் சொல்லவில்லை. அவள் புருஷன் தங்கமான மனுஷன், வாயே திறக்க மாட்டான். ஏன் என்று கேட்டால், "எனக்கு எங்க இடம் இருக்கு?" என்பான்.

இந்த வாய் வெறும் சண்டைக்கு மட்டும் அல்ல. யாருக்காவது அநியாயம் நடந்தால் முதலில் கேட்பது அந்தக் குரல்தான். அவள் தங்கையின் புருஷன் செத்த கையோடு, தங்கை உழுத வயலைக் கொழுந்தன் தனக்கென்று கேட்டான். கோட்லாவில் வழக்கு வந்தது. பழைய தலைவர் கொழுந்தனைக் கேட்டார், கொழுந்தனின் மாமாவைக் கேட்டார், வெயிலைப் பற்றிக்கூடப் பேசினார். தங்கையை மட்டும் கேட்கவில்லை. கெபோன்யே பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்து கத்தினாள். கூட்டத்தைக் குலைத்ததற்கு ஓர் ஆடு அபராதம் போட்டார்கள். ஆட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, என் கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள்.

"தோபோ, அந்த நாற்காலில உக்காந்திருக்கறவன் காதைத் திறந்தாத்தான் நம்ம பேச்சு உள்ள போகும். நாம எவ்வளவு கத்தினாலும் ஆடுதான் போகும்" என்றாள்.

அன்றே அவள் மனசில் அது விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் பயேயி, ஹம்புகுஷு, ஹெரேரோ, பட்டவானா, ஆற்றோரத்துப் பசர்வா என்று எத்தனையோ ஜனம். தலைவர் மட்டும் எப்போதும் மவுன் நகரத்திலிருந்து, ஒரே குடும்பத்திலிருந்து வருவார். பழைய தலைவர் கண்ணை மூடியதும் அவருடைய மருமகன் ஓடிரிலே வெள்ளை வண்டியில் வந்து இறங்கினான். படித்தவன், அமைதியானவன், சட்டை கசங்காதவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஆற்றில் அவன் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஹெரேரோப் பெண்கள் கூடி, ஹம்புகுஷுக் கிழவர்கள் சிலரும் சேர்ந்து, கெபோன்யே பேரைக் கொடுத்துவிட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ஊரே கூடித் தேர்ந்தெடுக்கட்டும்.

அந்த நாள் வந்தது. வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள்கூட லாரி பிடித்து வந்துவிட்டார்கள். அவரவர் நாற்காலியை அவரவர் தலையில் சுமந்துகொண்டு ஆம்பிளைகள் வந்தார்கள். நாங்கள் பாயும் போர்வையுமாக வந்தோம். வேலிக்கு வெளியே பெரிய அண்டாவில் மாட்டுக்கறியும் அல்லிக் கிழங்கும் கொதித்தது. அரைவட்டமாக நட்ட மரக்கம்பங்களின் நிழலில், எல்லா ஊருக்கும் மேலான பெரிய தலைவர் வீட்டுச் சித்தப்பா ஒருவர் மவுனிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அலுவலக அம்மா ஒருத்தி. எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் ஓடிரிலே. இன்னொன்றில், தலையில் புதுத் துணி கட்டி, தோளில் சால்வை போட்டு, எங்கள் கெபோன்யே.

மவுன் பெரியவர் எழுந்தார். "இந்த நாற்காலிக்கு வரப்போறவங்க என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும். எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கணும். கடைசியாத்தான் வாயைத் திறக்கணும். அதனால இன்னைக்கே பாத்துடுவோம். ஊர்க்காரங்க இவங்க ரெண்டு பேரைப் பத்தியும் மனசுல உள்ளதைச் சொல்லலாம். நடுவுல பேசறவங்களுக்கு நாற்காலி கிடையாது, வீட்டுக்குப் போகலாம்."

ஆற்றைக் கட்டிப் போடச் சொன்னாலும் போடலாம், இவள் வாயை எப்படிக் கட்டுவது? ஆம்பிளைகள் பக்கம் அப்போதே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். கறிக்கடை டிசாங் கையைத் தேய்த்துக்கொண்டான். ஊரில் மாடு அதிகம் வைத்திருப்பவன் அவன்தான். ஓடிரிலேயின் ஆள். கெபோன்யேயோடு அவனுக்குப் பழைய பகை. ஒரு தடவை அவன் மாட்டுக்கறியைப் படகில் ஏற்ற, எடை கூடிவிட்டதென்று பாதி ஆற்றில் வைத்துச் சண்டை போட்டு, அவனைத் தண்ணீரில் இறக்கிவிட்டவள் இவள்.

ஓடிரிலேயைப் பற்றி நாலு பேர் நல்லதாகப் பேசினார்கள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பேசாமல் இருப்பது அவனுக்கு ஒரு வேலையா? பிறகு டிசாங் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"நம்ம அம்மாவைப் பத்தி நான் என்ன சொல்ல? கல்யாண வீட்டுல பேசுவாங்க, சாவு வீட்டுல பேசுவாங்க. பொணத்துக்குக் காது கேட்டிருந்தா எந்திரிச்சு ஓடியிருக்கும்!"

கோட்லா சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கெபோன்யேயின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சால்வையின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"தலைவர்னா வழக்குக் கேக்கணும். இவங்க வழக்குக் கேட்டா, வழக்குப் போட்டவன் ஊமையாத்தான் வீட்டுக்குப் போவான். அவங்க வீட்டுக்காரரையே பாருங்களேன், எத்தனை வருஷமா மனுஷன் குரலைக் கேட்டிருக்கீங்க?"

புருஷன் சிரித்தான்! பாவி, அவனும் சிரித்தான். கெபோன்யே அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உதடு இரண்டும் வெளுத்துவிட்டன. அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் நிற்கிறது, எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் எங்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம், அவளுக்குப் பதிலாக. டிசாங் விட்டானா? அவள் அப்பாவை இழுத்தான், ஓடிப்போன அண்ணனை இழுத்தான், தங்கை வயலை இழுத்தான். தங்கை பேர் வந்தபோது அவள் நாற்காலி கிறீச்சென்றது. எழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை.

என் பக்கத்திலிருந்த ஹெரேரோக்காரி என் கையை இறுகப் பிடித்தாள். "தாங்குவாளா தோபோ?"

"தாங்குவா. தாங்காட்டி நானே போய்க் கழுத்தை நெரிச்சுடுவேன்" என்றேன்.

சூரியன் கம்பங்களுக்கு மேலே வந்துவிட்டது. எல்லோரும் பேசி ஓய்ந்தார்கள். பெரியவர் கேட்டார்: "இன்னும் யாராவது இருக்கீங்களா?" யாரும் எழவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டாள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது வேலிக்குப் பக்கத்தில், முள்மரத்தடியில் குந்தியிருந்த ஒரு மனுஷர் மெதுவாக எழுந்தார். டிசாங்கின் மாடு மேய்க்கிறவர். பசர்வா ஜனம். எங்கள் கோட்லாவில் அவர்கள் வெளிவட்டத்தில் குந்துவார்கள், கூட்டம் முடிந்ததும் போவார்கள். பேசி யாரும் பார்த்ததில்லை. தொப்பி இல்லாததால் கழற்ற ஒன்றுமில்லாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஏய், உக்காருடா!" டிசாங் திரும்பி அதட்டினான். "மாட்டைப் பாருன்னா இங்க வந்து நிக்கறே?" அவன் பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். "உக்காரு, உக்காரு, நேரமாச்சு." அந்த மனுஷர் பாதி குனிந்துவிட்டார்.

பெரியவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியவில்லை. "முடிஞ்சுதா?" என்று மறுபடி கேட்டார்.

நான் கெபோன்யேயைப் பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது. தன் தங்கை பாயில் உட்கார்ந்திருந்த அதே வழக்கு இதோ மறுபடி கண்முன்னே நடக்கிறது. அவள் கத்தினால் நாற்காலி போயிற்று. கத்தாமல் இருந்தால் அந்த நாற்காலி எதற்கு? 'வேண்டாமடி, வேண்டாமடி' என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். எதை வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கினாள். ஆம்பிளைகள் வரிசைகளுக்கு நடுவே, மணலில் நேராக நடந்து போய், முள்மரத்தடியில் அந்த மனுஷருக்கு எதிரே நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை.

"எந்திரிச்சுட்டாங்க! போட்டி முடிஞ்சுது!" என்று டிசாங் கூவினான்.

பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "வாயைத் திறந்தாங்களா?"

"திறக்கல, ஆனா..."

"எந்திரிக்கக் கூடாதுன்னு நான் சொல்லலியே. அங்க ஒருத்தர் இன்னும் பேசல போலிருக்கு. பேசட்டும். நீ உக்காரு."

ஐயோ, பெண்கள் பக்கம் எழுந்த குலவையைக் கேட்டிருக்க வேண்டும்! நானும் குலவையிட்டேன், தொண்டை கட்டியது. இனி அந்த மனுஷர் அவளைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லுவார், ஊரே அவள் பின்னால் வந்து நிற்கும், அடுத்த சட்டி மாவை இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் பேசினார். சன்னமான குரல். கூட்டமே முன்னால் குனிந்து கேட்டது.

"இந்தம்மா படகுலதான் நான் ஆத்தைத் தாண்டறேன். நான் எப்ப முதல்ல வந்து நின்னாலும் கடைசியிலதான் ஏத்துவாங்க. 'ஏய், பின்னால போ' அப்படிம்பாங்க. அதைச் சொல்லக்கூட நான் வரல. என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்த அன்னைக்கு, அவளை நாணலோரமா உக்கார வெச்சுட்டு ஓடி வந்தேன். 'அம்மா' அப்படின்னு ஆரம்பிச்சேன். முந்தின நாள் என் ஆடு படகுல புழுக்கை போட்டுச்சாம். அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. நானும் வாயெடுத்துப் பாத்தேன். அவங்க நிறுத்தல. பேசிக்கிட்டே வாத்தியாருங்களை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்து, மறுபடி ஆளை ஏத்திக்கிட்டுப் போனாங்க. என் பிள்ளை நாணலுக்குள்ள பொறந்துச்சு. பிழைச்சுக்கிச்சு, இப்ப மாடு மேய்க்குது. அன்னைக்குச் சொல்ல வந்ததை இன்னைக்குச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

குந்திக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உனக்காகத்தானே எழுந்து வந்தாள், உனக்குப் பேச இடம் வாங்கிக் கொடுத்தவளின் தலையிலேயே கல்லைப் போடுகிறாயே என்று வேலிக் கம்பை உலுக்கினேன். டிசாங்குக்குத் தலைகால் புரியவில்லை. தன் மாட்டுக்காரர் தோளில் தட்டக்கூட எழுந்துவிட்டான். அவர் விலகிக்கொண்டார். கெபோன்யே மட்டும் அசையவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முகத்தில் ஒரு அறை விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

இப்போது இரண்டு பேரும் பேசலாம் என்றார் பெரியவர். ஓடிரிலே எழுந்து அழகாகப் பேசினான். சாலை, விளக்கு, குழாய்த் தண்ணீர். கை தட்டினார்கள். பிறகு அவள் எழுந்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் இப்போது உடைத்துக்கொண்டு வரும், டிசாங்கின் பரம்பரையே கிழியும் என்று குழந்தைகள்கூட வேலியில் ஏறிக்கொண்டார்கள்.

"டிசாங்குக்கு நிறையப் பதில் வெச்சிருந்தேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது. "இப்ப அது வேணாம். அந்த மனுஷர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆட்டுப் புழுக்கை எனக்கு ஞாபகம் இருக்கு. அவரு முகம் ஞாபகம் இல்ல. பிள்ளை பொறந்ததுகூட இன்னைக்குத்தான் தெரியும். அவரு பேரு எனக்குத் தெரியாது. வெக்கமா இருக்கு. சொன்னாருன்னா கேட்டுக்கறேன்."

கோட்லாவில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சம்பளம் கொடுக்கிற டிசாங்குக்கும் தெரியவில்லை.

"ஷுகுரி" என்றார் அவர். முதல் எழுத்துக்கு முன்னால் நாக்கை அண்ணத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்க வேண்டும். அது எழுத்தில் வராது.

"ஷுகுரி" என்றாள் அவள், அந்தச் சொடுக்கோடு, சுத்தமாக. உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு குட்டிப் பேச்சு பேசியதில்லை.

அதற்குப் பிறகுதான் வரிசை. இரண்டு பேரும் கம்பங்களைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்பக் கூடாது. வேண்டியவர் பின்னால் ஊர் போய் நிற்கும். ஆம்பிளைகள் கும்பலாக ஓடிரிலே பின்னால் போனார்கள். கெபோன்யே பின்னால் ஒரு காலடிச் சத்தம். அவள் புருஷன். வாய் பேசாத அந்த மனுஷன் முதல் ஆளாகப் போய் நின்றான். பிறகு எங்கள் பாய்கள் எல்லாம் காலியாயின. மணல் அதிர அதிர ஹெரேரோப் பெண்கள் பெரிய பாவாடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஹம்புகுஷுக் கிழவர்கள் போனார்கள். டிசாங்கின் சொந்தப் பெண்டாட்டி எழுந்து எங்கள் பக்கம் வந்தாள்.

"ஏய், எங்க போறே?" என்று அவன் அந்த வரிசையிலிருந்து கத்தினான்.

"நீங்க காலையிலேர்ந்து பேசியாச்சு. நான் கொஞ்சம் நடக்கறேன்" என்றாள் அவள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஓடிரிலேயின் வரிசையிலிருந்தும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நேராக வரவில்லை, ஏதோ சிறுநீர் கழிக்கப் போகிறவர்கள் மாதிரி வேலிப் பக்கம் போய், சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வால் பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். நாங்கள் வேலியைத் தொட்டு, வாசலைத் தாண்டி, என் தீய்ந்த சட்டி வரை வளர்ந்துவிட்டோம்! பெரியவரும் அலுவலக அம்மாவும் இரண்டு வரிசையையும் நடந்து பார்த்தார்கள். எண்ண வேண்டிய தேவையே இல்லை. பெரியவர் கெபோன்யேயின் கையைப் பிடித்து உயர்த்தினார். ஓடிரிலே தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கும்பிடு போட்டான். அதற்காக அவனை இன்றுவரை மதிக்கிறேன்.

குலவை, ஆட்டம், தூசி! நான் ஓடிப் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அவள் என் தோளுக்கு மேலே யாரையோ தேடினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். ஓடிரிலேயின் மெலிந்துபோன வரிசையின் கடைசியில், இன்னும் நகராமல், ஷுகுரி நின்றிருந்தார்.

"பாத்தியாடி? அந்த ஆளு உனக்கு எதிரா நின்னிருக்கான்" என்றேன்.

"நான் அந்த இடத்துல இருந்தா நானும் அங்கதான் நின்னிருப்பேன்" என்று என்னை விலக்கினாள்.

பிறகு, அன்று முதல் தடவையாக, தன் பழைய குரலை எடுத்தாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கரையில்கூடக் கேட்டிருக்கும்.

"ஷுகுரி அய்யா! நீங்க சொல்ல வந்தது இன்னும் முடியலன்னு எனக்குத் தெரியும்! நாளைக்குக் காலைல கோட்லா திறந்ததும் வாங்க! நான் இங்கதான்..."

அவர் கையை உயர்த்தினார். சன்னமான குரல்தான், ஆனால் எல்லோரும் கேட்டார்கள்.

"வரேன்மா. நடுவுல பேசக் கூடாது."

கெபோன்யே பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.